பேக்கப்பில் இல்லாத முன்னுரிமை

கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகளை ஸ்டாக் செய்வது, அதாவது பல பெட்டிகளைக் கேபிளால் கோத்து ஒன்றாக்குவது, பற்றி எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. கேபிளைச் சொருகி மின்சாரம் கொடுத்தால் போதும், மற்றதை அவையே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அது. பெட்டிகளைப் பிரித்து, ரேக்கில் ஏற்றி, பின்புறம் ஸ்டாக் கேபிள்களை மாட்டிவிட்டால், சில நிமிடங்களில் மூன்று பெட்டிகளும் ஒரே ஸ்விட்சாகக் கன்சோலில், அதாவது கட்டளை கொடுக்கும் திரையில், வந்து நிற்கும். ஒரே ஐபி முகவரி, ஒரே கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு), 1/0/1 முதல் 3/0/48 வரை வரிசையாக போர்ட்டுகள். இந்த நம்பிக்கையைப் பொய் என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே அவை பார்த்துக்கொள்கின்றன. அப்படித் தாமாகவே பார்த்துக்கொள்வதால்தான், நாம் எடுத்தே ஆக வேண்டிய ஒரு முடிவை எடுக்காமலேயே வேலையை முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த முடிவு, ஸ்டாக்கின் தலைமை எந்தப் பெட்டிக்கு என்பது. இதை எவ்வளவு பேர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள் என்பது நெடுநாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த விஷயம். ஒரு கல்லூரியில் பார்த்த கோளாறுக்குப் பிறகு, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டாக்கின் பயனை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. சிஸ்கோ 2003இல் கேட்டலிஸ்ட் 3750ஐக் கொண்டுவந்தபோது, ஒன்பது பெட்டிகள் வரை 32 கிகாபிட் வளையத்தில் இணைத்து ஒன்றாக ஆள முடிந்தது பெரிய விடுதலையாக இருந்தது. இன்றைய கேட்டலிஸ்ட் 9300இல் எட்டுப் பெட்டிகள், 480 கிகாபிட். ஜூனிப்பரின் வர்ச்சுவல் சேசிஸும் இதே குடும்பம்தான். பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டும் ஈதர்சேனல் ஒன்றின் இரண்டு கேபிள்களை இரண்டு வெவ்வேறு பெட்டிகளிலிருந்து எடுக்க முடிவது ஒன்றே இந்த ஏற்பாட்டுக்குப் போதுமான நியாயம். ஆனால் இத்தனை வசதியும் ஓர் உண்மையின் மேல் நிற்கிறது. பெட்டிகள் எத்தனை இருந்தாலும் மூளை ஒன்றுதான். தலைமைப் பெட்டியில் அது ஓடுகிறது. ஸ்டாண்ட்பை பெட்டி அதன் நகலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மற்றவை சொன்னதைச் செய்கின்றன.

கல்லூரியில் நடந்தது

மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் பொறியியல் கல்லூரி அது. ஒரு கட்டடத்தின் யு.பி.எஸ். பேட்டரிகளை மாற்றுவதற்காக ஞாயிற்றுக்கிழமை மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கான கேட்வே, அதாவது கணினிகள் வெளியே போகும் வாசல், மூன்று பெட்டிகள் கொண்ட ஒரு 9300 ஸ்டாக். வேலை முடிந்து மின்சாரம் வந்தது. ஸ்டாக் எழுந்தது. சிவப்பு விளக்கு எங்கும் இல்லை. ஆய்வகப் பொறுப்பாளர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டபோது எனக்குமே முதலில் இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் மேல்தான் சந்தேகம் போனது. "சார், பிரிண்டர் ஓடுது, சர்வர் தெரியுது, ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு எல்லாம் நல்லாப் போகுது. இன்டர்நெட் மட்டும் வரலை. லைன்காரங்களைக் கேட்டா எங்க பக்கம் சரியா இருக்குங்கறாங்க" என்றார்.

போய்க் கன்சோல் கேபிளை மாட்டி, ஸ்டாக்கிலிருந்து, இணையத்துக்கு முன் காவலாக நிற்கும் ஃபயர்வாலின் உள்பக்க முகவரிக்கு, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் அடித்தேன். ஐந்து புள்ளிகள் வந்தன. பதில் வந்ததைக் குறிக்கும் ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. ஆனால் எந்த ஐபிக்கு எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) என்று குறித்து வைக்கும் ஏ.ஆர்.பி. அட்டவணையில் ஃபயர்வாலின் மேக் முகவரி ஒழுங்காக இருந்தது. அதாவது கேள்வி போய்ச் சேர்கிறது, ஃபயர்வால் அதற்குத் தன் மேக் முகவரியைப் பதிலாகவும் சொல்கிறது, ஆனால் அதற்கு மேல் ஒரு தரவுப் பாக்கெட்கூடத் திரும்பி வரவில்லை. இந்த அறிகுறியைப் பார்த்ததும் கோளாறு திரும்பும் வழியில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஃபயர்வாலுக்குள் நுழைந்து அதன் ஏ.ஆர்.பி. அட்டவணையைப் பார்த்தேன். ஸ்டாக்கின் ஐபிக்கு எதிரே ஒரு மேக் முகவரி இருந்தது. பக்கத்தில் 'ஸ்டேட்டிக்' என்ற குறிப்பும் இருந்தது. பாதுகாப்பு கருதி யாரோ எப்போதோ கையால் பதிந்து வைத்தது. அந்த முகவரியும் இப்போது ஸ்டாக் பயன்படுத்தும் முகவரியும் வேறு வேறு. திரும்பி வந்த பாக்கெட்டுகள் எல்லாம், யாரும் தனது என்று வாங்கிக்கொள்ளாத ஒரு முகவரிக்குப் போய் வீணாகிக்கொண்டிருந்தன. கையால் போட்ட பதிவை நீக்கினேன். இணையம் வந்தது. பொறுப்பாளர் நன்றி சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அவருடைய பிரச்சினை தீர்ந்தது. எனக்கு அங்கிருந்து நகர மனமில்லை. ஃபயர்வாலில் இருந்தது தப்பும் தவறுமாக அடிக்கப்பட்ட முகவரி என்றால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பும் இணையம் வந்திருக்கக் கூடாது. வந்துகொண்டுதான் இருந்தது. எனவே ஸ்டாக் அதுவரை அந்த முகவரியைத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஸ்டாக்கின் நிலையைக் காட்டும் 'ஷோ ஸ்விட்ச்' கட்டளையை அடித்தேன். மூன்று வரிகள் வந்தன. மூன்றாம் எண் பெட்டி ஆக்டிவ் (தலைமை), இரண்டாம் எண் ஸ்டாண்ட்பை, முதல் எண் சாதாரண உறுப்பினர். தலைமையைத் தேர்ந்தெடுக்கப் பயன்படும் முன்னுரிமை எண்ணுக்கான பத்தியில் மூன்று வரிகளிலும் 1 என்றே இருந்தது. மூன்று பெட்டிகளின் மேக் முகவரிகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஃபயர்வாலில் இருந்த முகவரி அந்த மூன்றில் எதற்கும் சொந்தமானது இல்லை.

அறையின் இரும்பு அலமாரியில் ஒரு கோப்பு இருந்தது. ஸ்டாக்கை முதலில் நிறுவியவர்கள் ஒப்படைப்பின்போது கொடுத்த காகிதங்கள். அந்தக் காலத்து 'ஷோ ஸ்விட்ச்' வெளியீட்டை அச்செடுத்து வைத்திருந்தார்கள். அவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதன் முதல் வரியில் முதல் எண் பெட்டி, ஆக்டிவ், முன்னுரிமை 15. மேக் முகவரி, ஃபயர்வாலில் நான் சற்று முன் நீக்கிய அதே முகவரி. கோப்பின் பின்பகுதியில், முதல் எண் பெட்டி பழுதாகி உத்தரவாதத்தின் கீழ் மாற்றப்பட்டதற்கான ரசீதும் இருந்தது.

போனவர் பெயரில் ஓடிய ஸ்டாக்

நடந்ததை இப்போது கோத்துப் பார்க்க முடிந்தது. முதல் பெட்டி செத்தபோது, ஸ்டாண்ட்பையாக இருந்த பெட்டி தலைமையை ஏற்றிருக்கிறது. ஆனால் ஸ்டாக்கின் மேக் முகவரி மாறவில்லை. 9300இன் இயல்பு அமைப்பில் அந்த முகவரி காலவரையின்றி நிலைத்திருக்கும்; 'ஷோ ஸ்விட்ச்' வெளியீட்டின் தலைப்பிலேயே மேக் பெர்சிஸ்டன்சி, இன்டெஃபினிட் என்று எழுதியிருக்கும், நாம்தான் அதைப் படிப்பதில்லை. இது நல்ல ஏற்பாடு. தலைமை மாறும் ஒவ்வொரு முறையும் முகவரியும் மாறினால், பாக்கெட்டுகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயில் ஸ்டாக்கின் பிரிட்ஜ் அடையாளம் மாறும், ஈதர்சேனலைப் பேசி அமைக்கும் எல்.ஏ.சி.பி. இணைப்புகள் அறுந்து மீண்டும் பேச வேண்டியிருக்கும், எல்லாக் கணினிகளும் கேட்வேயைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அதனால் பெட்டி ரேக்கை விட்டுப் போய்விட்டாலும் அதன் முகவரியிலேயே ஸ்டாக் தொடர்ந்து ஓடியது. தாத்தா காலமாகிப் பல வருடமாகியும் வீட்டு மின் இணைப்பு அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருப்பதைப் போன்றதுதான் இது. கட்டணம் கட்டுகிறோம், விளக்கு எரிகிறது, ஏதாவது ஒரு காரணத்துக்காக அலுவலகத்தில் போய் நிற்கும் வரை அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இங்கே அந்தக் காரணம், பேட்டரி மாற்றும் வேலையாக வந்தது. மூன்று பெட்டிகளும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழுந்ததால் பழைய நினைவு எதுவும் மிஞ்சவில்லை. புதிதாகத் தேர்தல் நடந்தது. எழுந்து வரும் பெட்டிகள் 120 விநாடிகள் காத்திருந்து, ஒன்றையொன்று கண்டுகொண்டு, தலைமையைத் தீர்மானிக்கின்றன. ஏற்கெனவே தலைமையில் இருக்கும் பெட்டி இருந்தால் அதுவே தொடரும். இல்லையென்றால் அதிக முன்னுரிமை எண் கொண்டது. அதுவும் சமமானால் விரைவாக எழுந்தது; அதிலும் சமம் என்றால் மேக் முகவரி எதற்குக் குறைவோ அது. பழைய முதல் பெட்டிக்கு இருந்த 15, புதிய பெட்டிக்கு வந்து சேரவில்லை. மூன்றும் 1 என்று சமமாக நின்றபோது மூன்றாவது பெட்டி தலைமைக்கு வந்தது, தன் முகவரியையே ஸ்டாக்கின் முகவரியாக்கிக்கொண்டது.

அதுவரை இது சுவாரசியமான ஒரு துப்பறிதல், அவ்வளவுதான். என் எண்ணத்தையே திருப்பிப் போட்டது அடுத்து நடந்தது. கல்லூரியில் கான்ஃபிக் பேக்கப் ஒழுங்காக எடுக்கிறார்கள். ஒவ்வோர் இரவும் ஒரு சர்வரில் போய் விழுகிறது. முதல் பெட்டி மாற்றப்படுவதற்கு முந்தைய நாள் கோப்பைத் திறந்து, முன்னுரிமையைக் குறிக்கும் சொல்லைத் தேடினேன். ஓரிடத்தில் கிடைத்தது, அது ஸ்பேனிங் ட்ரீயின் முன்னுரிமை. ஸ்டாக்கின் முன்னுரிமை எங்கும் இல்லை. எந்த எண்ணில் எந்த மாடல் இருக்க வேண்டும் என்று சொல்லும் 'ப்ரொவிஷன்' வரிகள் இருந்தன. 15 என்ற எண் இல்லை. பெட்டி மாற்றப்பட்ட மறுநாள் கோப்பையும் திறந்து இரண்டையும் ஒப்பிட்டேன். ஸ்டாக்கைப் பொறுத்தவரை ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியாததில்லை. 9300இல் முன்னுரிமையும் உறுப்பு எண்ணும் கான்ஃபிக் கோப்பில் எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு பெட்டியின் அடிப்படை நினைவகத்திலும் தனித்தனியாகப் பதிகின்றன. கட்டளையையே கான்ஃபிக் நிலைக்குள் போகாமல் வெளியில் நின்றுதான் கொடுக்கிறோம். ஏட்டில் படித்ததுதான் இதெல்லாம். ஆனால் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றும் மாறவில்லை என்று கணினி சொன்னதைக் கண்ணால் பார்த்தபோதுதான் அதன் கனம் புரிந்தது. ஸ்டாக்கில் மனிதர் எடுக்கும் முடிவுகளில் முதன்மையானது எதுவோ, அது மட்டும் பேக்கப்பில் இல்லை. அது பெட்டியோடு பிறந்து பெட்டியோடு போய்விடுகிறது. புதிய பெட்டியை மாட்டியவர் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலியாக இருந்த 1 என்ற எண் புதிய பெட்டிக்குத் தானாகக் கிடைத்தது, போர்ட்டுகளின் கான்ஃபிக் எல்லாம் தலைமையிடமிருந்து தானாக இறங்கியது. எல்லாம் முன்புபோலவே ஆகிவிட்டது என்று யாருக்கும் தோன்றும்.

அண்ணனின் கேள்வி

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இதை அவரிடம் சொன்னபோது அவர் இரண்டு எதிர்வாதங்கள் வைத்தார். "மூணும் ஒரே மாடல், ஒரே வெர்ஷன், ஒரே கான்ஃபிக். அப்புறம் யாரு தலைமையா இருந்தா என்னப்பா? உன் கோளாறுக்குக் காரணம் ஃபயர்வால்ல போட்ட ஸ்டேட்டிக் ஏ.ஆர்.பி. அதை எடுத்தாச்சு, கதை முடிஞ்சது" என்றார்.

இரண்டாவதற்குப் பதில் சொல்வது எளிது. ஸ்டாக்கின் முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்பவை ஃபயர்வால் மட்டும் இல்லை. ஸ்பேனிங் ட்ரீயில் முன்னுரிமையைக் கையால் வைக்காமல் விட்ட இடங்களில், யார் ரூட், அதாவது அந்த மரத்தின் வேர், என்பதே அந்த முகவரியால் தீர்மானமாகிறது. ஒன்றைக் கண்டுபிடித்து நீக்கலாம். எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்டுபிடிப்பது நடக்கிற காரியமில்லை. இன்னொன்றும் உண்டு. பழுது நீக்கப்பட்ட பழைய பெட்டி அதே வளாகத்தில் வேறு கட்டடத்தில் கொண்டுபோய் மாட்டப்பட்டால், ஒரே முகவரி இரண்டு இடங்களில் உயிரோடு இருக்கும். பெட்டியை மாற்றிய பின் ஓய்வான நேரம் ஒன்றில், ஸ்டாக்கின் முகவரியைத் தற்போதைய தலைமையின் முகவரிக்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் கேள்வி கனமானது, பல நாள் யோசிக்க வைத்தது. ஒரே மாதிரி மூன்று பெட்டிகளில் எது தலைமை தாங்கினாலும் பாக்கெட்டுகள் ஒரே வேகத்தில்தான் போகும். அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு எது தலைமை என்பதைவிட, அது நமக்கு முன்கூட்டியே தெரியுமா என்பதுதான் பெரிது. அந்தக் கல்லூரியில் வெளியே மற்ற நெட்வொர்க்குக்குப் போகும் அப்லிங்க் கேபிள்கள் முதல் இரண்டு பெட்டிகளில் இருந்தன. மூன்றாவது தலைமைக்கு வந்ததை யாரும் அறியவில்லை. நள்ளிரவில் அந்த மூன்றாம் பெட்டியை, உறுப்பினர்தானே என்ற நினைப்பில், ஏதோ ஒரு வேலைக்காக யாராவது அணைத்தால், கட்டடம் முழுவதற்குமான மூளையை அவர் அணைக்கிறார். ஸ்டாண்ட்பை ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அது அவர் தெரிந்து செய்த காரியமாக இருக்க வேண்டும்.

மேசையின் மேல் தொடங்க வேண்டிய வேலை

இதனால் இப்போது ஸ்டாக் வேலையை நான் ரேக்கில் தொடங்குவதில்லை. பெட்டிகளைத் தனித்தனியாக மேசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் கொடுத்து, மென்பொருள் பதிப்பும் உரிம நிலையும் ஒன்றாக்கி, எல்லாம் இன்ஸ்டால் முறையில் (மென்பொருளைப் பிரித்து நிறுவி ஓட்டும் முறை) இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். பதிப்பு வேறுபட்டால் பெட்டி ஸ்டாக்கில் தெரியும், ஆனால் வி-மிஸ்மேட்ச் என்று ஒதுங்கி நிற்கும். பிறகு அங்கேயே ஒவ்வொன்றுக்கும் உறுப்பு எண்ணையும் முன்னுரிமையையும் கொடுக்கிறேன். தலைமைக்கு 15, அதற்கு அடுத்ததற்கு 14, பிறகு 13. எண் மாற்றம் ரீலோடுக்கு, அதாவது மறுதொடக்கத்துக்கு, பிறகே நடப்புக்கு வரும். இரண்டையும் எழுதிய ஒட்டுத்தாளைப் பெட்டியின் முன்புறம் ஒட்டிவிடுகிறேன். கான்ஃபிக்கில் எழுத இடமில்லாத ஒன்றை வேறெங்கே எழுதுவது?

அடுத்து எல்லாவற்றையும் அணைத்து, ரேக்கில் ஏற்றி, அணைந்த நிலையிலேயே ஸ்டாக் கேபிள்களை மாட்ட வேண்டும். ஒரு பெட்டியின் முதல் ஸ்டாக் போர்ட்டிலிருந்து அடுத்ததன் இரண்டாவதற்கு, கடைசியிலிருந்து முதலுக்கு, வளையம் மூடும்படி. இரண்டே பெட்டிகள் என்றாலும் இரண்டு கேபிள்கள் வேண்டும். ஒரே கேபிளோடு பல ரேக்குகளில் பார்க்கிறேன், அது பாதி அகலத்தில் ஓடும், அந்த ஒன்றும் தளர்ந்தால் ஸ்டாக் இரண்டாகப் பிளந்து, ஒரே ஐபியோடும் ஒரே கான்ஃபிக்கோடும் இரண்டு தலைமைகள் நெட்வொர்க்கில் நிற்கும். கேபிளோடு வரும் சிறு திருகுகளை விரலால் முழுவதும் இறுக்க வேண்டும். பெட்டிகள் அதிகமாக இருந்து, 50 செ.மீ. கேபிள் கடைசியிலிருந்து முதலுக்கு எட்டாவிட்டால், 1 மீட்டர் அல்லது 3 மீட்டர் கேபிள் வாங்கலாம். அல்லது ஒன்றுவிட்டு ஒன்றாக இறங்கி, விட்டவற்றின் வழியாக ஏறி வந்தால் குறுகிய கேபிள்களிலேயே வளையம் மூடிவிடும். முதலில் தலைமைப் பெட்டிக்கு மட்டும் மின்சாரம். அது முழுவதும் எழுந்த பிறகு மற்றவை.

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கில் ஒரு பெட்டியைச் சேர்ப்பது இன்னும் கவனம் வேண்டும் வேலை. மின்சாரம் உள்ள பெட்டியைக் கேபிளில் சேர்த்தால், அது இரண்டு ஸ்டாக்குகளின் இணைப்பாகக் கருதப்படும். இரண்டு தலைமைகளுக்குள் போட்டி நடக்கும், தோற்ற பக்கம் முழுவதும் ரீலோடு ஆகும். வேறோர் இடத்தில் தலைமையாக இருந்து 15 என்ற முன்னுரிமையோடு ஸ்டோர் ரூமில் கிடந்த பெட்டியாக அது இருந்து, இங்கே எல்லாம் 1 என்று விடப்பட்டிருந்தால், தோற்பது ஓடிக்கொண்டிருந்த ஸ்டாக்தான். வந்த பெட்டியின் கான்ஃபிக்கே எல்லோருக்குமான கான்ஃபிக் ஆகிவிடும். அந்தப் பெட்டியின் கான்ஃபிக்கை முன்பே அழித்தோமே என்று நினைக்கலாம். அழித்தாலும் முன்னுரிமை போகாது; பேக்கப்பில் வராததற்கு எது காரணமோ, அழிப்பில் அகப்படாததற்கும் அதுவே காரணம். அதைத் தனியாகக் கட்டளை கொடுத்துத்தான் 1க்குக் கொண்டுவர வேண்டும்.

ஒப்படைப்புக்கு முன், வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்க, தொடர் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது, தலைமைப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிக் காட்டுகிறேன். இதைச் செய்யத் தயங்குபவர்கள் நிறைய. பிடுங்கிப் பார்க்காத ஸ்டாக்கின் மாற்று ஏற்பாட்டை நான் நம்புவதில்லை. இந்தச் சோதனை எவ்வளவு நன்றாக நடந்தாலும், ஒரு வளாகத்தின் மையத்தில், எல்லாக் கட்டடங்களும் வந்து சேரும் இடத்தில், நான் ஸ்டாக் போடச் சொல்வதில்லை. மென்பொருள் மேம்படுத்தும்போது வழக்கமான முறையில் எல்லாப் பெட்டிகளும் ஒன்றாக ரீலோடு ஆகும். மூளையில் ஒரு பிழை வந்தால் ஸ்டாண்ட்பையிலும் ஓடுவது அதே பிழைதான். அங்கே தனித்தனி மூளையும் தனித்தனி கான்ஃபிக்கும் உள்ள இரண்டு ஸ்விட்சுகளை வைத்து, இரண்டிலிருந்தும் ஒரே ஈதர்சேனல் எடுக்கும் வி.பி.சி. போன்ற முறைகளுக்கே செலவழிக்க வேண்டும். வேலை கூடுதல், கான்ஃபிக்கை இரண்டு இடங்களில் எழுத வேண்டும், ஆனால் ஒன்றை அணைத்து மற்றொன்றில் ஓட முடியும். மாடிக்கு மாடி இருக்கும் சிறிய ரேக்குகளுக்கு ஸ்டாக் போதும், அங்கே அது நல்லதும்கூட.

அந்தக் கல்லூரியில், இரவு பேக்கப்போடு 'ஷோ ஸ்விட்ச்' வெளியீட்டையும் சேர்த்து எடுக்கும்படி ஸ்கிரிப்டை மாற்றிக் கொடுத்தேன்; முன்னுரிமை மாறினால் இனி ஒப்பீட்டில் தெரியும். தலைமையை எதற்குக் கொடுப்பது என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. எந்த ரேக்கைத் திறந்தாலும் மேலே இருக்கும் முதல் எண் பெட்டியே தலைமையாக இருக்க வேண்டும், அதற்காக ஒருமுறை ரீலோடு செய்தாலும் பரவாயில்லை என்பது அவர் கட்சி. நடு இரவில் வந்து நிற்கும் புதியவருக்கு அதுதான் எளிது என்கிறார். முன்னுரிமை எண்ணை மாற்றினாலும் நடப்புத் தலைமை உடனே மாறாது, அடுத்த தேர்தலில்தான் பயன்படும். ஆகவே இப்போது தலைமையில் இருக்கும் பெட்டிக்கே 15ஐயும், ஸ்டாண்ட்பைக்கு 14ஐயும் கொடுத்து, ஒட்டுத்தாளைத் திருத்திவிட்டால், ஓடும் வலையமைப்பைத் தொடாமலேயே வேலை முடிகிறது என்பது என் கட்சி. அங்கே மூன்றாவது பெட்டியில் 15 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.